கீபோர்டுக்கு வெயில் தெரியாது

வேலூரை வெயிலூர் என்று கேலி செய்வது பழைய வழக்கம். ரெக்கார்டிங் அறைக்குள் உட்கார்ந்தால் அந்தக் கேலிக்கு ஒரு கணக்கே இருக்கிறது. அறையின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் புல்லாங்குழல், நாகசுரம் மாதிரியான குழல் வாத்தியங்களின் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் ஏறும். ஒரு கட்டைக்கும் அடுத்த அரைக் கட்டைக்கும் இடைப்பட்ட தூரத்தை நூறாகப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் சென்ட். காலை 6 மணிக்கு 28 டிகிரியில் சுருதி சேர்த்த குழலை 11 மணிக்கு 38 டிகிரியில் எடுத்து ஊதினால் கணக்குப்படி 28 சென்ட் மேலே நிற்கும். ஊதுபவரின் மூச்சுச் சூடு குழலுக்குள் முன்பே இருப்பதால் நடைமுறையில் கொஞ்சம் குறையலாம். ஆனாலும் பாட்டுப் பழக்கமே இல்லாதவர்கூட "என்னமோ ஒட்டலையே" என்று சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இருக்கும்.

கிடாரின் கதை நேர் எதிர். ஸ்டீல் கம்பி சூட்டில் நீளும், இழுவிசை குறையும், சுருதி இறங்கும். தோல் வாத்தியம் உலர்ந்த வெயிலில் இறுகி ஏறும், மழை ஈரத்தில் தொய்ந்து இறங்கும். இத்தனை பேரும் ஆளுக்கொரு பக்கம் நகர்ந்துகொண்டிருக்க, நடுவில் கீபோர்டு மட்டும் 440 ஹெர்ட்ஸிலேயே (ஆறு கட்டைச் சுரத்துக்கு எல்லாரும் ஒத்துக்கொண்ட அளவு) அசையாமல் உட்கார்ந்திருக்கும். அதற்கு வெயில் தெரியாது. இந்த ஊரில் ஒரு பாப் பாட்டை ரெக்கார்டு செய்வதில் பாதி வேலை, வெயில் தெரிந்த வாத்தியங்களையும் தெரியாத வாத்தியங்களையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவதுதான்.

வெயில் காலத்தில் ரெக்கார்டிங்கே வேண்டாம் என்று தள்ளிப்போடவும் முடியாது. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி மாதம் முதல் தேதி. அதற்கான பாட்டு பத்து நாளாவது முன்னதாக வெளியே வந்தால்தான் ஊர் வாயில் ஏறும். அப்படியென்றால் பதிவு சித்திரையில், கத்திரி வெயில் தொடங்குகிற நேரத்தில். அது முடிந்தால் ஆடி மாதம் வரிசையாக அம்மன் கோயில் கூழ் வார்த்தல். இந்தப் பக்கத்துத் தனிப்பாடல் சந்தை வெயிலோடுதான் ஓடுகிறது.

முதலில் சாமான். ஒரு லேப்டாப், ஆடியோ இண்டர்ஃபேஸ் (மைக்கின் ஒலியை லேப்டாப்புக்குள் கொண்டுபோகும் பெட்டி), மெல்லிய ஒலியையும் பிடிக்கும் பெரிய டயஃப்ரம் கண்டென்சர் மைக் ஒன்று, அடி தாங்கும் டைனமிக் மைக் இரண்டு, காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன் இரண்டு, லேப்டாப்பில் இருக்கும் ஒலிகளை வாசிக்க 49 கட்டை மிடி கீபோர்டு, தட்டினால் தாள ஒலி தரும் ரிதம் பேட், ஸ்டாண்டுகள், ஒயர்கள். இண்டர்ஃபேஸில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. இரண்டு இன்புட் உள்ளதை வாங்கிவிட்டு மிச்சக் காசில் இரண்டாவது கண்டென்சர் வாங்குவதைவிட, ஒரே கண்டென்சரோடு நான்கு இன்புட் இண்டர்ஃபேஸ் வாங்குவதே நல்லது. கிடாரும் பாட்டும் மட்டும் என்றால் இரண்டு போதும். பறை, பம்பை, உடுக்கை உள்ளே வரும் ஊரில் இரண்டு பத்தாது. டைனமிக் மைக்கில் ஷூர் எஸ்.எம். 57, 58 இரண்டும் அறுபதுகளிலிருந்து வருபவை. மேடையில் அடிபட்டுக் கிடந்த 58-ஐக்கூடத் துடைத்துவிட்டு ரெக்கார்டிங்குக்கு எடுத்துக்கொள்ளலாம். தலையில் இருக்கும் கம்பிவலையைக் கழற்றி உள்ளே உள்ள ஸ்பாஞ்சைச் சோப்பு நீரில் கழுவி நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். மந்தமான மைக் என்று பேர் வாங்கியதில் பாதிக்கு, ஸ்பாஞ்சில் ஊறிய எச்சில்தான் காரணம்.

அடுத்தது அறை. சத்துவாச்சாரி, காட்பாடி, தொரப்பாடி எங்கே போனாலும் வீட்டில் ஒதுக்கித் தருவது பத்துக்குப் பத்து அறையைத்தான். உயரமும் பத்தடி என்றால் அதைவிட மோசமான அளவு கிடையாது. பத்தடிச் சுவர்களுக்கு இடையில் ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸில் ஒரு அதிர்வு தங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றே என்றால் மூன்று அதிர்வும் ஒரே இடத்தில் விழும். பேஸ் கிடாரில் 6 கட்டை சுரத்தைத் தரும் வெறுங்கம்பியின் அதிர்வெண் 55. அந்த ஒரு சுரம் அறைக்குள் குடம் உருண்ட மாதிரி கேட்கும், பக்கத்துச் சுரம் காணாமல் போகும். "பேஸ் சரியில்லை" என்று கிடாரை மாற்றுவார்கள். கிடாரில் குறையே இருக்காது.

முட்டை அட்டையை ஒட்டாதீர்கள். அது உச்ச ஒலியைக் கொஞ்சம் சிதறடிக்கும், அவ்வளவுதான். கீழ் ஒலியில் ஒன்றும் செய்யாது, தீப்பிடித்தால் சீக்கிரம் எரியும். 2 அடிக்கு 4 அடி, 2 இஞ்ச் கனமுள்ள ராக்வுல் (ஒலியை உறிஞ்சும் கல்பஞ்சு) பலகை ஆறு வாங்குங்கள். கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி போதும். மரச்சட்டம் அடித்து, சுவரில் ஒட்டாமல் 2 இஞ்ச் இடைவெளி விட்டு மாட்ட வேண்டும். அந்த இடைவெளிதான் பலகையை இன்னும் கீழ் ஒலிவரை வேலை செய்ய வைக்கிறது. பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று, மிச்சம் மிக்ஸிங் செய்பவரின் இருபுறமும். மேலே போர்த்தத் துணி தேர்ந்தெடுக்க ஒரு சோதனை உண்டு: துணியை வாயில் வைத்து ஊதினால் காற்று தடையில்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டும். குடியாத்தம் கைலித் துணி இதில் பாஸ். ரெக்சின் ஃபெயில். ராக்வுல்லை வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வேர்வையோடு சேர்ந்து இரண்டு நாள் அரிக்கும்.

56 ஹெர்ட்ஸ் இதற்கெல்லாம் மசியாது. மூலைக்கு ஒரு இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்தினால் கொஞ்சம் அடங்கும். முழுசாக அடக்கும் வித்தை இந்த அறையில் கிடையாது. பேஸ் கிடாரை டி.ஐ. (மைக் இல்லாமல் கிடாரை ஒயரிலேயே இணைக்க உதவும் பெட்டி) வழியாக நேராக இண்டர்ஃபேஸில் செருகிவிட்டு, கீழ் ஒலியின் அளவை ஸ்பீக்கரில் முடிவு செய்யாமல் ஹெட்ஃபோனில் முடிவு செய்வதே பிழைக்கிற வழி.

கூரையையும் கவனிக்க வேண்டும். தளம் போட்ட வீட்டில் பகல் முழுக்கக் குடித்த சூட்டைக் கான்கிரீட் இரவில்தான் கக்கும். சாயங்காலம் 7 மணிக்கு வெளியே காற்று ஆறியிருக்கும், உள்ளே அடுப்பு. தகரக் கூரை என்றால் வேறு தொல்லை: வெயில் இறங்க இறங்கத் தகடு சுருங்கி "டக், டக்" என்று வெடிக்கும். மெதுவான பாட்டின் நடுவில் அந்தச் சத்தம் விழுந்தால் எந்தச் சாஃப்ட்வேரும் அதைச் சுத்தமாக எடுத்துவிடாது. அதனால் இங்கே மைக் வேலைக்கு ஏற்றது விடியற்காலை 4 மணியிலிருந்து 8 மணிவரை. ஹைவேயில் லாரி ஓயாது, காட்பாடி ஜங்ஷனில் ரயில் ஊதாமலும் இருக்காது. அவற்றின் அடி உறுமலுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹைபாஸ் பட்டனைப் போட்டால் பெரும்பகுதி போய்விடும். ஹாரன் சத்தம் போகாது, இன்னொரு டேக்தான்.

டேக் ஓடும்போது ஃபேனும் ஏ.சி.யும் நிற்க வேண்டும். சிலர் ஏ.சி.யை 18-இல் வைத்து அறையைக் குளிர்பதனப் பெட்டியாக்கிவிட்டு, வெளியே 40 டிகிரியில் வந்த மிருதங்கத்தையும் புல்லாங்குழலையும் நேராக உள்ளே கொண்டுவருவார்கள். மூங்கில் கீறல் விடுவது இப்படித்தான். 27-இல் வைத்து, வாத்தியங்களை உறையோடு உள்ளே கொண்டுவந்து, அரை மணி நேரம் சும்மா வைத்திருந்து, அதன் பிறகு திறந்து சுருதி சேருங்கள். ஏ.சி.யை நிறுத்து, இரண்டு டேக் எடு, மறுபடி போடு. இதே தாளத்தில் ஓடினால் அறை இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் ஆடாது. குழல் எட்டொன்பது சென்ட்டுக்குள் நிற்கும், அதை உதடே சரிசெய்துகொள்ளும்.

இனி கரண்ட். ஹெட்ஃபோனில் "ம்ம்ம்" என்று அடிநாதமாக வருவது 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். கிடார் கம்பியைக் கையால் தொட்டதும் இரைச்சல் நின்றால், வீட்டு எர்த்திங்கையும் ஒருதரம் பாருங்கள். பிளக் பாயிண்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் 2, 3 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். அதற்கு மேல் போனால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை செய்ய ஒரு வேலை இருக்கிறது: வீட்டுப் பின்னால் உப்பும் கரியும் போட்டுப் புதைத்த எர்த் குழியில் இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள். மண் காய்ந்தால் மின்சாரத்தை உள்வாங்காது. மாசி மாதம் சுத்தமாக இருந்த அறை சித்திரையில் திடீரென்று இரைய ஆரம்பிப்பதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம். லேப்டாப் சார்ஜரின் எர்த் பின்னை வெட்டினால் இரைச்சல் போகும் என்று ஒரு யோசனை சுற்றிவருகிறது. போகும்தான். ஒருநாள் மைக்கில் உதடு படும்போது ஷாக்கும் அடிக்கும். வெட்டாதீர்கள்.

விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் தருவது சைன் அலை இல்லை, படிக்கட்டு மாதிரியான அலை. அதில் ஓடும் சார்ஜர் "ர்ர்ர்" என்று ஒலிக்கும். இண்டர்ஃபேஸ் யு.எஸ்.பி.யிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் வகை என்றால், சார்ஜரைப் பிடுங்கிவிட்டு லேப்டாப் பேட்டரியில் ஓட்டுங்கள். தெருவே இருண்டு, எல்லார் வீட்டு மோட்டாரும் ஃபேனும் நின்றிருக்கும் கரண்ட் கட் நேரத்தில் பேட்டரியில் எடுத்த டேக்தான் பல சமயம் அந்த வாரத்திலேயே சுத்தமான டேக். மின்வாரியத்துக்கு அதற்காக நன்றி சொல்ல வேண்டியதில்லை.

லேப்டாப்புக்கும் வெயில் தெரியும். சூடேறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், உடனே பதிவில் "டிக் டிக்" என்று ஓட்டை விழும். அடியில் இரண்டு மர ரீப்பரை வைத்துக் காற்றுக்கு வழி விடுங்கள். மைக்கிலிருந்து 2 மீட்டராவது தள்ளி, மைக்கின் முதுகுப் பக்கமாக வையுங்கள். முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு வகை மைக்குக்கு முதுகுதான் செவிட்டுப் பக்கம். பஃபரை (லேப்டாப் ஒரே தடவையில் கையாளும் ஒலித்துணுக்குகளின் எண்ணிக்கை) 128-இல் வைத்தால் 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழித் தாமதம் 2.7 மில்லி செகண்ட். 256 என்றால் 5.3. பாடுபவருக்கு டைரக்ட் மானிட்டர் (லேப்டாப்புக்குள் போகாமல் இண்டர்ஃபேஸிலிருந்தே ஹெட்ஃபோனுக்கு வரும் ஒலி) கொடுத்துவிட்டால் 512-இல்கூட நிம்மதியாக எடுக்கலாம், லேப்டாப்பும் மூச்சுவிடும்.

ஒயர் விஷயம் சின்னது, ஆனால் ஒரு நாளையே தின்னும். மைக் ஒயரின் எக்ஸ்.எல்.ஆர். பிளக்கில் 1-ஆம் பின் ஷீல்டு (சுற்றியிருக்கும் கவசக் கம்பி), ஒலி போகும் இரண்டு கம்பிகளில் 2 ஹாட், 3 கோல்ட். கண்டென்சர் மைக் இயங்க அதே ஒயரில் போகும் 48 வோல்ட் மின்சாரமான ஃபாண்டம் பவர் 2, 3 வழியாகப் போய் ஷீல்டு வழியாகத் திரும்புகிறது. அதனால் ஷீல்டு விட்டுப்போனால் கண்டென்சர் செத்துப்போகும், அதே ஒயரில் டைனமிக் இரைச்சலோடு பாடும். சத்தம் பாதியாகி மெலிந்து வந்தால் 2 அல்லது 3 விட்டிருக்கிறது. பிளக்கின் பின்பக்கத்தைத் திருகிக் கழற்றினால் முக்கால்வாசி நேரம் பற்றவைப்பு சரியாக இருக்கும். ஒயரை இறுக்கிப் பிடிக்க வேண்டிய கிளிப் தளர்ந்து, இழுத்த இழுப்பெல்லாம் பின்னுக்குப் போயிருக்கும். பழைய ஈயத்தைச் சூடுகாட்டி எடுத்து, ஒயர் நுனியில் முதலில் ஈயம் பூசி, பின்னிலும் பூசி, பிறகு இரண்டையும் சேர்த்து ஒரே தொடுதலில் ஒட்டுங்கள். 25 வாட் அயர்ன் போதும். ஆறிய ஈயம் பளபளப்பாக இருந்தால் சரி. சாம்பல் நிறத்தில் பொரிபொரியாக இருந்தால் அது ஒட்டவில்லை, ஒட்டியதுபோல் நடிக்கிறது. பாண்டிக்கோ சென்னைக்கோ புது ஒயர் தேடிப் போவதற்குள் வேலை முடிந்துவிடும்.

இப்போது இந்த மண்ணின் வாத்தியங்கள். கிடார், டிரம்ஸ், கீபோர்டு பற்றி எல்லா மொழியிலும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். வடாற்காட்டில் பாப் பாட்டு என்றாலும் நடுவில் எட்டு மாத்திரைக்குப் பறை ஒன்று வந்து இறங்க வேண்டும், அம்மன் பாட்டு என்றால் பம்பை, உடுக்கை இல்லாமல் நடக்காது, கூத்துச் சாயல் வேண்டுமென்றால் முகவீணை என்கிற சிறிய ஊதுகுழல்.

பறையை வாசிப்பவர் வாசலிலேயே வைக்கோல் கொளுத்திக் காய்ச்சுவார். விரலால் சுண்டிப் பார்த்து, "டண்" என்று வரும்வரை வட்டமாகத் திருப்பித் திருப்பிக் காட்டுவார். அந்தச் சுருதி நிற்பது பத்து, பதினைந்து நிமிஷம்தான். எனவே மைக், லெவல், ஹெட்ஃபோன், தாள வேகம் காட்டும் கிளிக் எல்லாவற்றையும் காய்ச்சாத பறையை வைத்தே சரிபார்த்துவிட வேண்டும். காய்ச்சி எடுத்து வந்தவரை நிற்கவைத்து "அண்ணா, ஒரு நிமிஷம், சவுண்ட் செக்" என்று சொல்வது பெரிய தப்பு. நாலாவது டேக்கில் அவரே நிறுத்திவிட்டு, "தோலு இறங்கிப்போச்சுண்ணா, இன்னொரு தபா காய்ச்சினு வந்துடறேன்" என்பார். விட்டுவிடுங்கள். ஒரு டேக்குக்கும் அடுத்த டேக்குக்கும் சுருதி வேறாக இருந்தால் வெட்டி ஒட்டும்போது தையல் தெரியும். நெருப்பை அறைக்கதவிலிருந்து காற்று போகிற திசையில் போடச் சொல்லுங்கள்; புகை உள்ளே வந்தால் அடுத்து பாடப்போகிறவரின் தொண்டை போச்சு.

பறைக்கு இரண்டு டைனமிக் மைக். ஒன்று தோலுக்கு முன்னால் 2 முதல் 3 அடியில், நடுவை நேராகப் பார்க்காமல் விளிம்பை நோக்கிச் சாய்வாக. சுண்டுக்குச்சியின் வெட்டு இதில் விழும். இன்னொன்று திறந்திருக்கும் முதுகுப் பக்கம், ஒரு அடியில். அடிக்குச்சியின் வயிறு இதில் விழும். அடி விழும்போது தோல் முன் மைக்கைவிட்டு விலகிப் பின் மைக்கை நோக்கிப் போகிறது என்பதால் இரண்டும் எதிரெதிர் அலை. ஒன்றாகக் கேட்டால் வயிறு காணாமல் போகும். பின் மைக்கின் போலாரிட்டியை (அலையின் மேல்கீழ்த் திசையை) திருப்புங்கள், வயிறு உடனே திரும்பி வரும். மிருதங்கம், டோலக்குக்கு இரண்டு பக்கமும் மைக் வைத்தாலும் இதே சோதனையைச் செய்ய வேண்டும்: திருப்பிக் கேள், திருப்பாமல் கேள், எது பருமனாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்.

லெவல் விஷயத்தில் பயம் வேண்டாம். 24 பிட்டில் எடுக்கும்போது பறையின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும். ஒத்திகையில் மைனஸ் 12 காட்டினால் டேக்கில் மைனஸ் 6 காட்டும். சூடு பிடித்ததும் கை தானாக ஓங்கும், அது மனித இயல்பு.

பம்பை இரண்டு முழவை ஒன்றாகக் கட்டியது. பெரும்பாலும் ஒன்று மரம், ஒன்று பித்தளை. இரண்டின் குணமும் வேறு என்பதுதான் அதன் அழகு. கிட்டே மைக் வைத்தால் அந்த அழகு பிரிந்து இரண்டு தனி வாத்தியமாகிவிடும். மூன்றடி தள்ளி இடுப்பு உயரத்தில் ஒரே மைக் போதும், வாசிப்பவரை ராக்வுல் பலகைக்கு முதுகு காட்டி நிற்கவையுங்கள். உடுக்கைக்குக் கண்டென்சர், ஒன்றரை அடி. நடுவில் இருக்கும் கயிற்றை அழுத்தி சுருதியை வளைக்கும்போது அந்த வால் மிக மெல்லியது. டைனமிக்கில் பாதி விழாது. ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரை அதன்மேல் இறுக்கிப் போட்டால் அடியும் வாலும் ஒரே உயரமாகி, உடுக்கை பேசுவதை நிறுத்திவிடும். கையில் காப்பு, வாட்ச், கணுக்காலில் சலங்கை எல்லாம் கழற்றச் சொல்லுங்கள். சலங்கை வேண்டுமென்றால் அதைத் தனி டிராக்கில் எடுக்கலாம்.

முகவீணையும் நாகசுரமும்தான் சுருதிச் சண்டையின் மையம். இவற்றைக் கீபோர்டு மாதிரி பட்டன் அழுத்தி நகர்த்த முடியாது. சீவாளியை (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டை) கொஞ்சம் உள்ளே வெளியே தள்ளலாம், உதட்டால் சமாளிக்கலாம், அதற்குமேல் கட்டாயப்படுத்தினால் ஒலி கெடும். உதாரணத்துக்கு, சித்திரை மாதத்துச் சூட்டில் வாசிப்பவர் வசதியாக ஊதும்போது டியூனர் 20 சென்ட் மேலே காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவரை இறங்கச் சொல்லாதீர்கள். கீபோர்டை ஏற்றுங்கள். பெரும்பாலான கீபோர்டுகளிலும் ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் வாத்தியங்களிலும் மாஸ்டர் டியூன் என்று ஒன்று இருக்கிறது. அதை 440-லிருந்து 445 ஆக்கினால் ஏறத்தாழ 20 சென்ட் ஏறும். அன்றைய பாட்டு முழுக்க 445. கிடாரின் டியூனரிலும் 445. ஆர்மோனியத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது, அதன் ரீடு அடித்து வைத்த சுருதிதான்; அன்று அதற்கு லீவு.

இதில் வழக்கமாகக் கோட்டைவிடும் இடம் ரெடிமேட் லூப். தபேலா லூப், ஸ்ட்ரிங்ஸ் லூப் எல்லாம் 440-இல் எடுத்த ஒலித்துண்டு; மாஸ்டர் டியூன் அவற்றைத் தொடாது. சுருதி உள்ள ஒவ்வொரு துண்டையும் கையால் 20 சென்ட் ஏற்ற வேண்டும். ரிதம் பேடிலும் அப்படித்தான். எட்டுத் தட்டு உள்ள ரோலண்ட் எஸ்.பி.டி. 20 இன்றைக்கும் மெல்லிசைக் குழுக்களில் ஓடுகிறது. அதில் தபேலா ஒலி வைத்த தட்டுக்குத் தனியாகப் பிட்ச் மாற்ற வேண்டும்.

நாகசுரத்துக்கு மைக்கை அணைசுக்கு (கீழ்முனையில் விரிந்திருக்கும் வாய்க்கு) நேரே வைக்காதீர்கள். எல்லாச் சுரமும் அணைசு வழியாகவே வருவதில்லை, விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. நேரே வைத்தால் சில சுரம் காதைக் கிழிக்கும், சில சுரம் காணாது. 4, 5 அடி தள்ளி, பக்கவாட்டில், துளைகளைப் பார்த்து வையுங்கள். நல்ல சீவாளிக்குத் திருவாவடுதுறைதான் பேர்போன ஊர். அந்த நாணல் உலர்ந்த காற்றில் சீக்கிரம் காயும், இரண்டு டேக்குக்கு இடையில் வாயிலேயே நனைத்து வைத்திருப்பார்கள். பேச்சுக் கொடுக்காதீர்கள். கடைசியாக ஒன்று: வாத்தியத்தின் கழுத்திலிருந்து உபரிச் சீவாளிகளும் தந்த ஊசியும் நூலில் தொங்கும். கச்சேரியில் அது அழகு. மைக்கில் அது ஒவ்வொரு கமகத்துக்கும் மரத்தில் மோதி "டொக்" என்கும். ஒரு ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள்.

கிடாருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மைக் 12-ஆவது ஃபிரெட்டுக்கு நேரே, ஒரு அடி. ஓட்டைக்கு நேரே வைத்தால் குமுறும். கம்பி புதுசு என்றால் முதல்நாளே மாட்டி இழுத்துவிட்டிருக்க வேண்டும். பைக் டேங்க் மேல் வைத்து வெயிலில் கொண்டுவந்த கிடாருக்கு அரை மணி ஓய்வு கொடுக்காமல் சுருதி சேர்ப்பது வீண்வேலை.

பாட்டு. பாடுபவர் "ஐந்தரைக் கட்டை" என்பார், கீபோர்டுக்காரர் "ஜி ஷார்ப்" என்பார், இரண்டும் ஒன்றே. ஒரு கட்டை சி, நாலு கட்டை எஃப், ஐந்து கட்டை ஜி, ஆறு கட்டை ஏ. இதை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினால் வாக்குவாதம் மிச்சம். மைக் தூரம் ஒரு சாண். வாய்க்கு நேரே வைக்காமல் மூக்கு உயரத்தில் வைத்துக் கீழே சாய்த்தால் "ப" வெடிக்காது. பாப் ஃபில்டர் இல்லையென்றால் எம்பிராய்டரி வளையத்தில் நைலான் சாக்ஸை இழுத்துக் கட்டினாலே போதும், மைக்குக்கு நாலு விரல் முன்னால். தெருக்கூத்தில் பாடிப் பழகியவர் வந்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறும். மைக்கே இல்லாத காலத்திலிருந்து கடைசி வரிசைக்கு எட்டுமாறு குரல் எறியும் மரபு அது. இரண்டு அடி தள்ளி நிற்கவைத்து, மைக்கின் மைனஸ் 10 பேடை (ஒலியை 10 டெசிபல் குறைக்கும் பட்டனை) போடுங்கள். "மெதுவாப் பாடுங்கய்யா" என்று மட்டும் சொல்லாதீர்கள். மெதுவாகப் பாடினால் அந்தக் குரலில் இருக்கும் உலோகம் போய்விடும், அதற்காகத்தானே அவரை அழைத்தது.

பாடிய சுருதியைத் திருத்தும் பிட்ச் கரெக்ஷன் பிளக்இன்னில் ரீட்யூன் வேகத்தை (சுரத்தை எவ்வளவு சீக்கிரம் இழுக்க வேண்டும் என்பதை) பூஜ்யத்தில் வைத்தால் கமகம் படிக்கட்டாகிவிடும். எஃபெக்டுக்காக வேண்டுமானால் சரி. இல்லையென்றால் மெதுவாக வைத்து, தப்பிய சுரத்தை மட்டும் கையால் நகர்த்துங்கள். அன்றைய பாட்டு 445 என்றால் பிளக்இன்னுக்கும் அதைச் சொல்ல வேண்டும். மறந்தால் மிகச் சரியாகப் பாடிய குரலை அது பொறுப்பாக 20 சென்ட் கீழே இழுத்து வைக்கும்.

மிக்ஸிங்கில் ஒன்றே ஒன்று. ஸ்பாட்டிஃபைக்கு சராசரிச் சத்தம் மைனஸ் 14 லஃப்ஸ் (சத்தத்தின் அளவு), உச்சம் மைனஸ் 1 டெசிபல் என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் திருவிழாப் பாட்டு முதலில் ஒலிப்பது ஷேர் ஆட்டோவிலும் பந்தல்காரரின் குழாய் ஸ்பீக்கரிலும். குழாய் ஸ்பீக்கரில் பேஸ் என்று ஒன்றே கிடையாது. மிக்ஸை மோனோவாக்கி, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே முழுசாக வெட்டி ஒருதரம் கேளுங்கள். அப்போதும் தாளம் தெரிகிறதா, வரி புரிகிறதா? பேஸ் லைன் மறைந்து பாட்டே மொட்டையாகத் தெரிந்தால், அதே லைனை ஒரு ஸ்தாயி மேலே கிடாரிலோ கீபோர்டிலோ மெல்லிசாக இரட்டிப்பாக்குங்கள்.

எடுத்த நாளே காப்பி. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ டிராக் நிமிஷத்துக்கு 8.64 எம்.பி. நாலு நிமிஷப் பாட்டில் 30 டிராக் என்றால் ஒரு ஜி.பி.யைக் கொஞ்சம் தாண்டும். வேண்டாத டேக்கெல்லாம் சேர்த்தாலும் ஒரு பென் டிரைவ் தாங்கும். இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில். மைக்கைச் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு டப்பாவில் போடுங்கள். ஐப்பசி மழையில் கண்டென்சர் கரகரப்பதற்குக் காரணம் டயஃப்ரத்தில் ஏறிய ஈரம்தான். உடுக்கைக் கயிற்றைத் தளர்த்துங்கள். கிடாரைக் காருக்குள் விடாதீர்கள், மூடிய காரின் சூட்டில் பிரிட்ஜ் பசை இளகும்.

புராஜெக்ட்டை மூடுவதற்கு முன் ஃபைல் பெயரிலேயே சுருதி எண்ணையும் போடுங்கள்: பாட்டின் பெயர், கட்டை, தாள வேகம், 445. மார்கழியில் யாராவது அதே பாட்டுக்கு ஒரு கோரஸ் சேர்க்க வேண்டும் என்று வருவார்கள். அப்போது அறை 24 டிகிரியில் இருக்கும், கீபோர்டு மறுபடி 440-க்குப் போயிருக்கும்.